மிஞ்சிய போத்தல்

“பியரெல்லாம் படைக்க வேணாம் மாமி” என்று தடுத்தாள் பிரஷாந்தி.

“என்ட மகன் கடைசியாக் குடிச்சது. படைக்காம விடேலாது” என்றாள் கண்ணகை. மாரடைப்பில் போன லக்ஷனுக்குக் களுவாஞ்சிக்குடி வீட்டில் அன்று முப்பத்தோராம் நாள்.

நண்பன் சிவதர்ஷன் கனடாவில், பியருக்கு வாசமும் கசப்பும் தரும் ஹொப்ஸ் பூவில் ஒரே வகையைப் போட்டுத் தானே வடித்துக் கொண்டுவந்த பியர் அது. இரண்டு போத்தலில் ஒன்று மிஞ்சியிருந்தது.

படைத்து முடிந்ததும் கண்ணகை அதைச் சிவதர்ஷனுக்கே ஊற்றிக் கொடுத்தாள். “சரியான கசப்பா மகன்?”

“இல்லம்மா. முதல்ல தோடம்பழத் தோல் வாசம். பிறகு தேன் மாதிரி ஒரு இனிப்பு. கசப்பு கடைசியிலதான், அதுவும் கொஞ்சம்.”

“அண்டைக்கு அவன் வாயில வைக்கேலாத கசப்பு எண்டானே?”

சிவதர்ஷன் கிளாசைக் கீழே வைத்தான். “ஆரம்மா ஊத்திக் குடுத்த?”

கண்ணகை மருமகளைத் தேடினாள். “இந்த பியர் அப்பிடித்தான், முழுக்கக் குடியுங்க” என்று அன்று பக்கத்தில் நின்று சொன்னவள் அவள்தான்.

வாசலில் பிரஷாந்தியின் செருப்பைக் காணவில்லை.