சிக்னலில் அணையும் கார்

ஐயாவு வாயைத் திறப்பதற்குள் கவுண்டரில் இருந்த பெண்ணே கேட்டுவிட்டாள்.

"சூடான பிறகு சிக்னல்ல நின்னா அணைஞ்சு போகுதாண்ணே? கொஞ்ச நேரம் விட்டா தானா ஸ்டார்ட் ஆவுது, அதானே?"

வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகளுக்கு வேலையே இல்லாமல் போனது. அடுத்த நொடி அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. கோளாறு இன்னதென்று தெரிந்தேதான் அந்தக் காரைத் தன் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

"அப்ப எல்லாம் தெரிஞ்சுதான் வித்திருக்கீங்க?"

அவளுக்கு முப்பது வயதிருக்கும், சட்டையில் ஷாமினி என்று பெயர் குத்தியிருந்தது. சிரித்த முகத்தோடு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். "உக்காருங்கண்ணே. கோப்பி கலக்கட்டுமா?"

"கோப்பி குடிக்கவா வந்தேன்? முதலாளி எங்க?"

"பாஸ் பினாங்கு போயிருக்காரு."

கார் வாங்க வந்தபோதும் பினாங்குதான். அதற்கு முன்னால் பார்த்துவிட்டுப் போக வந்தபோதும் பினாங்குதான்.

ஈப்போவில் பழைய கார் விற்கும் இந்தக் கடைக்கு ஐயாவு ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. அவர் மனைவி மங்களத்துக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், அவர்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு ஈப்போ வர வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளில்தான் கூட்டி வந்துகொண்டிருந்தார். ஒருநாள் மழையில் வீடு திரும்பும்போது, அவர் முதுகில் சாய்ந்திருந்தவள் மயக்கத்தில் சரியப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கார் வாங்கும் பேச்சே வந்தது.

வாங்கிய மறுவாரமே தொல்லை ஆரம்பித்துவிட்டது. வொர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் காட்டினால் நல்ல பிள்ளையாக உறுமிக்கொண்டு நிற்கும். மங்களத்தை ஏற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கினால் படுத்துக்கொள்ளும்.

இன்று காலை டயாலிசிஸ் நிலையத்துக்குத் திரும்பும் சிக்னலில் நின்றது. பின்னால் லோரிக்காரர்கள் ஹாரன் அடிக்க, ஐயாவு இறங்கித் தள்ளினார். திடீரென்று பாரம் குறைந்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தால், மங்களமும் இறங்கி வந்து தள்ளிக்கொண்டிருந்தாள். அதுவும் ஊசி குத்துகிற கையால். ஒரு பை கூடத் தூக்கக் கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்ன கை.

"கைய எடுடி" என்று நடுரோட்டில் கத்திவிட்டார். அவள் திடுக்கிட்டுக் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டது இன்னும் அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் கார் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. அவளை இறக்கிவிட்டு நேராக இங்கே வந்துவிட்டார்.

நடந்ததை எல்லாம் ஷாமினியிடம் கொட்டித் தீர்த்தார்.

"வயரிங் கோளாறு வாரண்டியில வராதுண்ணே" என்று ஒப்பிப்பதுபோல் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா இப்ப எப்படி இருக்காங்க?" என்றாள்.

"மெசின்ல படுத்துக் கிடக்கா. உனக்கென்னமா, ஏர்கொண்ட்ல உக்காந்துகிட்டு சிரிச்சு சிரிச்சு சொல்லுவ. காசு குடுத்து வாங்குன காடி நடுரோட்டுல கவுத்துவிட்டாத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. ஐயாவுக்கு அது போதவில்லை. கார் பார்க்க வந்திருந்த ஓர் இளம் தம்பதியின் பக்கம் திரும்பினார்.

"இங்க வாங்காதீங்க லா. எல்லாம் பொய். வாங்கிட்டு நடுரோட்டுல நிக்காதீங்க."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெல்ல வெளியே நழுவினார்கள். அந்த நேரம் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. இறங்கி வந்தவர் கடை முதலாளி உடையப்பன். பினாங்கு போய் வந்த களைப்பு எதுவும் அவர் முகத்தில் இல்லை.

ஐயாவு சண்டைக்குத் தயாரானார். உடையப்பனோ சாவகாசமாக வந்து அவர் தோளில் கை போட்டார்.

"எல்லாத்தையும் மேல கேட்டுக்கிட்டுத்தான்ணே இருந்தேன். நியாயம் உங்க பக்கம்தான். அந்தக் காடிய நாங்களே திருப்பி எடுத்துக்குறோம். வேற ஒண்ணு நல்லதா பாத்துக்குங்க."

ஐயாவுக்குக் காதில் விழுந்ததை நம்பவே முடியவில்லை.

"ஆமா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"ஃபேக்டரியில ஜாகா. ராத்திரி காவல்."

"இங்க வந்துடுங்களேன். கஸ்டமருங்ககிட்ட பேச உங்கள மாதிரி வாயுள்ள ஆளு வேணும். பகல் வேலைதான். யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு, வந்த வழியே மாடிக்குப் போய்விட்டார்.

ஐயாவு நாற்காலியில் உட்கார்ந்தார். ஈப்போவிலேயே வேலை. மங்களத்தைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கூப்பிடு தூரத்திலேயே இருக்கலாம். ராத்திரி அவள் எழுந்து தண்ணீர் கேட்டால் பக்கத்தில் ஆள் இருக்கும். வந்த கோபமெல்லாம் வடிந்து, அந்தப் பெண்ணைப் பேசிய பேச்சுத்தான் நெஞ்சில் உறுத்தியது.

"தப்பா எடுத்துக்காதமா. வயித்தெரிச்சல்ல பேசிட்டேன். உங்க பாஸ் நல்ல மனுசனாத்தான் தெரியுறாரு. நீ சொல்லு, நான் வேலைக்கு வரலாமா?"

ஷாமினி மாடிப்படியை ஒருமுறை பார்த்தாள். பிறகு கண்ணாடிக்கு வெளியே வெயிலில் நின்ற அவர் காரைப் பார்த்தாள்.

"போன வருசம், இதே காடிக்காக நானும் இப்படித்தான்ணே சத்தம் போட வந்தேன்."