பெயர்ச் சீட்டு

அட்டையிலிருந்து மனோரமா மாத்திரையைப் பிதுக்கிய சத்தம் கேட்டதும், தனகோட்டிக்குக் கேசரி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"இன்னாங்க, பொறையேறுதா? தண்ணி குடிங்க" என்று அவள் தன் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தட்டில் நெய் மினுங்கும் கேசரி. அவள் கிண்ணத்தில் உப்பு மட்டும் போட்ட கேழ்வரகுக் கஞ்சி.

"எனக்குத்தான் வாயக் கட்டிட்டாங்க. ஒண்ணும் இல்லாத ஒடம்பு, நீங்களாவது சாப்டுங்க."

தனகோட்டி தலையைக் குனிந்துகொண்டார். அந்த மாத்திரை தனக்கு உரியது என்று அவருக்குத் தெரியும்.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. "நோய் வந்தப்புறம் ஓடறதுக்கு, முன்னாடியே பாத்துக்கலாம் நைனா. ஊட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பாங்க" என்று மகள் அனுஷா சென்னையிலிருந்து போனிலேயே இரண்டு பேருக்கும் பதிவு செய்துவிட்டாள்.

செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தனகோட்டி, பதினோரு மணி டீயோடு தினமும் இரண்டு ஜாங்கிரி சாப்பிடுகிறவர். மகளுக்குப் பயந்து, பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் இனிப்பைத் தொடவில்லை.

சிங்கவரத்திலிருந்து ஸ்கூட்டரில் ஆறரைக்கே வந்துவிட்டாள் ரத்தம் எடுக்கும் லேப் பெண் சுவாதி. ஆளுக்கு மூன்று குழாய்களில் ரத்தம் எடுத்தாள். சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் ஒரு மருந்து இருந்தது. ரத்த அணுக்கள் உடம்பைவிட்டு வெளியே வந்த பிறகும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்குமாம். அதை நிறுத்தி வைக்கத்தான் அந்த மருந்து.

"ரெண்டு நாளா இனிப்பே தொடலம்மா" என்றார் தனகோட்டி பெருமையாக.

சுவாதி சிரித்துவிட்டாள். "அதெல்லாம் இந்தச் சாம்பல் மூடிகிட்டதான் செல்லும் சார். ஊதா மூடி ஏமாறாது. செவப்பணு மேல சக்கர போய் ஒட்டிக்கும். அந்த அணு சாகற வரைக்கும் உடாது. மூணு மாசமா உங்க ரத்தத்துல சக்கர எப்டி இருந்துச்சுன்னு இது சொல்லிடும்."

மூன்று மாதத்து ஜாங்கிரிகளைத் தனகோட்டி மனதுக்குள் எண்ணிப் பார்த்தார்.

ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையில் குழாய்களைப் போட்டு, பெயர் எழுதிய சீட்டை உள்ளே செருகி, மேசைமேல் வைத்தாள் சுவாதி. "மாடியில இருக்கறவங்களுக்கும் எடுத்துட்டு வந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கறேன்" என்று படியேறிப் போனாள். மனோரமா காபி போட உள்ளே போனாள்.

மேசையருகே தனகோட்டி மட்டும் இருந்தார். இரண்டு உறைகள், இரண்டு சீட்டுகள். மாற்றிச் செருகப் பத்து விநாடிகூட ஆகவில்லை.

அங்கே நிற்க முடியாமல் குளிக்கப் போனார். நாலு சொம்பு தண்ணீர் ஊற்றியும் நெஞ்சு அடங்கவில்லை. மறுபடி மாற்றி வைத்துவிடலாம் என்று ஈரத்துண்டோடு ஓடி வந்தபோது, சுவாதியின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் ரிப்போர்ட் போனுக்கு வந்தது. தனகோட்டிக்கு எல்லாம் சரியாக இருந்தது. மனோரமாவுக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பத்து.

மனோரமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன்னுடைய ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்தாள். கணவருடையதைத்தான் மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தாள். "நெசமாவே உங்களுக்கு ஒண்ணும் இல்லியா?" என்று வேறு கேட்டாள்.

தனக்கு முந்நூற்றுப் பத்து என்று வந்திருக்கும்போதும் புருஷனைப் பற்றிக் கவலைப்படுகிறாளே என்று அவர் குறுகிப்போனார். நேற்று டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தபோது, பக்கத்து நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

இப்போது முதல் மாத்திரை அவள் உள்ளங்கையில் இருந்தது. சர்க்கரை நோய் இல்லாத உடம்பில் இது போனால், இருக்கிற கொஞ்சச் சர்க்கரையும் இறங்கி ஆளே மயங்கி விழலாம். அவள் கை வாய்க்கு ஏறியது.

"போடாத மனோ!" தனகோட்டி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "சக்கர உனக்கு இல்ல. எனக்கு!"

"இன்னா ஒளர்றீங்க?"

"சீட்ட மாத்திட்டேன். அந்த ஊதா மூடிக்குப் பயந்து, என் பேர உன் ரத்தத்துல போட்டேன். உன் பேர என்னுதுல போட்டேன். நாலு நாளா உன்னக் கஞ்சி குடிக்க வெச்சுட்டு நான் கேசரி தின்னுட்டு இருக்கறேன். நான் மனுசனே இல்ல."

மனோரமா அவரையே பார்த்தாள். "எப்ப மாத்துனீங்க?"

"நீ காபி போடப் போனப்ப."

அவள் திட்டுவாள், அழுவாள் என்று தனகோட்டி காத்திருந்தார். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "உங்க பேர்ல முந்நூத்திப் பத்துன்னு வந்திருந்தா அந்த ஜாங்கிரிய உட்டிருப்பீங்களா?"

"அன்னிக்கே உட்டிருப்பேன்."

"அதத்தான் நானும் நெனச்சேன்" என்றவள், கையை விடுவித்துக்கொண்டு மாத்திரையை வாயில் போட்டாள். மடக்கென்று தண்ணீரையும் குடித்துவிட்டாள்.

"அடியே, துப்பு! மயக்கம் வந்துடும்!"

"வராதுங்க. ஆறு மாசமா ராவுல மரத்துப் போறது என் காலுதான்" என்றாள் மனோரமா, அவர் முகத்தைப் பார்க்காமல். "நீங்க குளிக்கப் போனப்ப, நானும் ஒருவாட்டி சீட்ட மாத்துனேன்."