மாமனாருக்குப் பிஞ்சு பீன்ஸ்

“ஒண்ணு விடாம ஒடிச்சுப் பாத்தா, மத்தவங்களுக்கு நான் எதை விக்கறது?” என்று சிடுசிடுத்தாள் காய்கறிக்காரி.

“கோவிச்சுக்காதக்கா. இன்னிக்கு மதியம் என் மாமனார் சாப்பிட வர்றாரு. ஒண்ணு முத்தலா இருந்தாலும் என் மானம் போயிடும்.”

“அந்தப் பெரியவரா? இங்க வந்தா பச்சையாவே ரெண்டு எடுத்துக் கடிப்பாரே! நல்ல பல்லு.”

“அதெல்லாம் கடையிலதான். வீட்டுல உக்காந்ததும் ஒரு கிண்ணம் கேப்பாரு. பீன்ஸை அப்படியே அதுல தள்ளிட்டு, ‘முத்தல்மா, பல்லுக்கு ஆகல’ம்பாரு. வாயிலயே வைக்காம எப்படிக்கா தெரியும்? எனக்கும் ரோஷம் இருக்காதா? அப்படியே குப்பையில கொட்டிடுவேன்.”

பன்னிரண்டு வருடம் பொறுத்தவள், ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் வெடித்துவிட்டாள். “குத்தம் கண்டுபிடிக்கவே சாப்பிட உக்கார்றீங்களா?” மறுநாளே அவர் பையைத் தூக்கிக்கொண்டு மூத்த மகன் வீட்டுக்குப் போய்விட்டார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அன்றிலிருந்து அவளுக்கு மனசே சரியில்லை.

“இன்னிக்கு மட்டும் அவர் சாப்பிட்டுட்டா, கால்ல விழுந்தாவது இங்கயே இருக்க வெச்சிடுவேன்க்கா” என்றாள்.

நார் உரித்து, பொடியாக நறுக்கி, நிறம் மாறாமல் இருக்க மூடி போடாமல் வேகவைத்தாள். விரலால் அழுத்தினால் நசுங்கியது.

கணவனும் இரண்டு பிள்ளைகளும் “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று சட்டியைச் சுரண்டினார்கள். பெரியவர் சட்டியை எட்டிப் பார்த்தார்.

“ஒரு கிண்ணம் குடும்மா.”

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. கிண்ணத்தை ணங்கென்று வைத்தாள். தன் தட்டில் இருந்த பீன்ஸ் முழுவதையும் கரண்டியால் அதற்குள் தள்ளினார்.

“முத்தல்மா.”

‘இங்கேயே இருங்க மாமா’ என்று சொல்ல நினைத்திருந்தவள், காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். சாப்பிட்டு எழுந்தவர் வாசலில் சற்று நேரம் நின்றார். அவள் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. கணவன்தான் பஸ் ஏற்றிவிடப் போனான்.

“இந்த ஜென்மத்துல இவரைத் திருப்திப்படுத்த முடியாது” என்று முணுமுணுத்தபடி கிண்ணத்தைக் குப்பையில் கவிழ்த்தாள். மிச்சச் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

கணவன் திரும்பி வந்தான். அவன் குரல் இறங்கியிருந்தது.

“பஸ்ல ஏறுறப்பதான் அப்பா சொன்னாரு. ‘நாம சாப்பிட்டு எழுந்தா சட்டியில அவளுக்கு என்னடா மிச்சம் இருக்கு? உனக்குத்தாம்மான்னு சொன்னா திருப்பி எனக்கே போட்டுடுவா. அதான் இத்தனை வருஷமா முத்தல்னு பொய் சொல்லி எடுத்து வெச்சேன். நான் இல்லாத இந்த ஆறு மாசம் வெறும் சோத்தைத்தானே தின்னிருப்பா, பாவம். இனிமே நீயாவது எடுத்து வை’ன்னாரு. கிண்ணத்துல இருந்ததைச் சாப்பிட்டியா?”

அவள் குப்பைக்கூடையைப் பார்த்தாள். கை வெறும் சோற்றில் அப்படியே நின்றது.