மார்த்தாண்டத்திலிருந்து சூடு

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டே முக்கால் மணிக்கு, மகளின் காலைக் குளிரவிடுவது என்று நேசையன் முடிவெடுத்தார்.

மார்த்தாண்டத்தில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மாட்டுக்கறிச் சாப்பாடு முடித்து, சட்டையைக் கழற்றிப் போட்டு, ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். கையில் செல்போன். அதில் இரண்டு பாதங்களின் படம்.

மகள் பிரீனா ஜெர்மனியில் நர்ஸ். அங்கே மைனஸ் ஒன்பது. ஷூவுக்குள் போட்டால் சூடாகும் சோல் ஒன்றை யூடியூபில் பார்த்துவிட்டு, வாங்கியே தீர வேண்டும் என்று அவளைப் படுத்தி எடுத்தவர் நேசையன்தான். இன்டர்நெட் இருந்தால் எங்கிருந்தும் சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம் என்று தெரிந்ததும் அந்த ஆப்பைத் தன் போனிலும் ஏற்றிக்கொண்டார். முப்பத்திரண்டு வருடம் ஊருக்கெல்லாம் ஃபியூஸ் போட்ட கை, ரிட்டயர் ஆனதும் சும்மா இருக்குமா?

ஆறு வாரமாகத் தினமும் காலை பத்தரைக்கு, அங்கே விடியும் முன்பே, சூடு போட்டுவிடுவார். சூடு வந்தாச்சா மக்ளே என்று வாட்ஸ்அப்பில் கேட்பார். வந்தாச்சுப்பா என்று பதில் வரும்.

எத்தனை அடி நடந்தாள், சுற்றிலும் எவ்வளவு குளிர் என்றும் ஆப் காட்டும். ஒரு நாளைக்கு இருபதாயிரம் அடி! ஒரு பெண்ணை இப்படியா வேலை வாங்குவார்கள்? ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்லும்போது மனிதர் அழுதே விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதான் இடித்தது.

அங்கே காலை பத்து மணிக்கு ஆராதனை. தவறாமல் போகிறேன் என்கிறாள். ஆனால் ஆராதனை நேரம் முழுக்க ஆப்பில் கால்கள் வெளியே குளிரில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தன. மூன்று ஞாயிறு பொறுத்துப் பார்த்தார். முந்தின நாள், உண்மையிலேயே கோயிலுக்குப் போகிறாயா என்று அவளிடம் கேட்டும் விட்டார்.

கோயில் விஷயத்தில்தான் போன வருடம் அவளுடைய கல்யாணப் பேச்சே நின்றது. அவள் சொன்ன பையன் எபிசன், ஜெர்மனியில் அவள் இருக்கும் அதே ஊரில் படிக்கிறவன். கோயில் படி மிதிக்காதவனுக்குப் பெண் இல்லை என்று நேசையன் சொல்லிவிட்டார். அவன் ராஜகுமாரின் மகன் என்பதோ, அந்த ராஜகுமார் சபைக் கமிட்டித் தேர்தலில் தன்னை மூன்று ஓட்டில் கவிழ்த்தவர் என்பதோ காரணமே இல்லை என்று, யாரும் கேட்காமலேயே எல்லாரிடமும் விளக்கினார்.

சரிப்பா, விட்டுட்டேன் என்றாள் பிரீனா.

இப்போது அவளும் கோயிலை விட்டுவிட்டால்? ஒரே மகள், கை மீறிப் போய்விட்டால்? கோயிலுக்குள் ஹீட்டர் உண்டு. கால் விறைத்தால் தானாக உள்ளே போவாள்.

சூட்டை நிறுத்தினார்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்று. இருபத்துநான்கு.

"நீங்க ஒரு மனுசன்தானா? பிள்ளைக்க காலு வெறச்சுப் போவும், கேட்டியளா!"

மனைவி எலிசா போனைப் பிடுங்க வந்தாள். அவர் கொடுக்கவில்லை. பதினேழு. அவர் கண்ணிலும் தண்ணீர்தான், ஆனால் கை அசையவில்லை. பதினொன்று.

கால்கள் வேகமாக நடந்தன. பிறகு நின்ற இடத்திலேயே குதித்தன. பிறகு ஓடத் தொடங்கின.

அந்த நேரம் பார்த்து எலிசாவின் போன் அடித்தது. வீடியோவில் பிரீனா. பாட்டுப் புத்தகமும் கையுமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து சந்தேகப்பட்டிய இல்லியா? பாருங்கப்பா, கோயிலுக்குள்ளதான் இருக்கேன்," என்று கிசுகிசுத்தாள்.

நேசையன் அந்த போனில் மகளைப் பார்த்தார். இந்த போனில் கால்களைப் பார்த்தார். மகள் உட்கார்ந்திருந்தாள். கால்கள் படி ஏறிக்கொண்டிருந்தன.

அவளுக்குப் பின்னால் கதவு திறந்தது. பார்சல் கம்பெனி ஜாக்கெட், தொப்பி நிறையப் பனி. நொண்டி நொண்டி வந்தவன் கடைசி பெஞ்சில் விழுந்து, இடது ஷூவைக் கழற்றினான். உள்ளேயிருந்து கறுப்பாக ஒன்றை உருவி, தட்டிப் பார்த்தான், குலுக்கிப் பார்த்தான், காதில் வைத்தும் பார்த்தான்.

ஆப்பில் இடது கால் மறைந்தது.

எபிசன்.

குளிருக்கு இரவல் வாங்கிப் போட்டவன் மாதிரியும் இல்லை. அந்தப் பெரிய ஷூவுக்குள் அது கச்சிதமாகத் திரும்பப் போயிற்று. முதல் நாளே அவன் அளவுக்குத்தான் வாங்கியிருக்கிறாள். படிப்புச் செலவுக்காக அவன் வீடு வீடாகப் பார்சல் சுமந்த இருபதாயிரம் அடிக்குத்தான் நேசையன் ஜெபக்கூட்டத்தில் அழுதிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கூட்டி வந்து விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை வாசலில் காவல் நின்றவனுக்குக் காலில் தீ மூட்டிக் கொடுத்திருக்கிறார்.

யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாள் எபிசனின் கையில் பாட்டுப் புத்தகத்தைத் திணித்தாள். அவன் எழுந்து நின்றான். மெட்டு நம் ஊரில் பாடும் மெட்டுதான். புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் பாடினான். பாவி, நன்றாகவே பாடினான்.

பிரீனா திரும்பிப் பார்த்தாள். முகம் வெளிறிப்போய் போனை அணைத்தாள்.

கோயில் படி மிதிக்காதவன் என்று இனிமேல் சொல்ல வழியில்லை. மிதிக்க வைத்ததே அவர்தான். மீதி இருந்தது மூன்று ஓட்டு.

நேசையன் சூட்டை மறுபடி போட்டார். இருப்பதிலேயே பெரிய சூடு.

"ஏட்டி," என்றார் எலிசாவைப் பார்க்காமலே. "அந்த ராஜகுமாருக்க வீட்டு நம்பர் எங்கயாவது கெடக்கா?"

எலிசா எங்கும் தேடவில்லை. கடைசியாகப் பேசியவர்கள் வரிசையில் பிரீனாவுக்கு அடுத்ததாக இருந்த ராஜகுமார் வீட்டு நம்பரைத் தொட்டு, போனை அவர் காதில் வைத்தாள்.