கனிவுக் கருவி

எங்கள் கம்பெனியில் எல்லோரும் காதில் கனிவுக் கருவி மாட்டியிருப்போம். காதை முழுதாக அடைத்துக்கொண்டு, யார் எப்படிப் பேசினாலும் அதை இதமாக மாற்றித்தான் உள்ளே அனுப்பும். நான் சேர்ந்ததிலிருந்து அங்கே ஒரு சண்டைகூட நடந்ததில்லை. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

ஆம்புலன்ஸ்களுக்கு வழி சொல்லும் எங்கள் மென்பொருள் மறுநாள் வெளியாக இருந்தது. நான் சோதித்தபோது, மழைத் தண்ணீர் நிரம்பிய சுரங்கப்பாதைக்குள் அது வண்டியை அனுப்பியது. கூட்டத்தில் மேனேஜர் செல்வினிடம் சொன்னேன்.

"சார், இதை வெளியிட்டா நோயாளிங்க செத்துடுவாங்க."

அவர் புன்னகைத்தார். "நல்ல யோசனை நாச்சம்மை. அடுத்த பதிப்புல சேர்த்துக்கலாம்."

கத்தியே சொன்னேன். புன்னகை இன்னும் பெரிதானது. "உங்க ஆர்வம் எனக்குப் பிடிச்சிருக்கு."

நான் சொன்னது அவரிடம் போய்ச் சேரவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று எழுந்துபோய், அவர் காதிலிருந்த கருவியைக் கழற்றினேன். என்னுடையதையும் கழற்றினேன்.

"சார், ஆம்புலன்ஸ் தண்ணிக்குள்ள போகுது. உள்ள இருக்கிறவங்க செத்துடுவாங்க."

அவர் முகம் வெளுத்தது. "இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"இப்பதான் ரெண்டு தடவை சொன்னேன், சார்."

உடனே போன் செய்து வெளியீட்டை நிறுத்தினார். பிறகு, சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைத் தயக்கத்தோடு பார்த்தார்.

"வேற யாராவது என்கிட்ட ஏதாவது சொல்லியிருக்கீங்களா?"

ஒவ்வொருவராகக் கருவியைக் கழற்றத் தொடங்கினார்கள்.