ஏழாம் நம்பர் பாசி

"பேசாம மறைச்சிடு. மாதிரி அழுகிப்போச்சுன்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுது" என்றாள் மைக்ராஸ்கோப் அறைத் தோழி.

"அழுகலையே."

"உன் வீட்டுக்காரர் மானம் கப்பலேறும். பரவாயில்லையா?"

ஜீன் லேபில் மாதிரிகளைச் சோதிப்பது அவள் வேலை. கம்ப்யூட்டர் திரையில் முடிவு பளிச்சென்று நின்றது.

அவள் கணவருக்குக் காலேஜில் பட்டப்பெயரே 'பாசி வாத்தியார்'தான். ஆயுசு முழுக்கக் கடற்கரையில் அலைந்து அவர் கண்டுபிடித்தது ஒரே ஒரு புது இனம். அகன்ற இலை கொண்ட பழுப்புக் கடற்பாசி. ஊரில் எல்லோரும் பெண்டாட்டிக்கு நகை வாங்கிப் போட்டபோது, இந்த மனுஷன் பாசிக்கு அவள் பெயரை வைத்தார். இன்றும் அது வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்து மெச்சாமல் காபி கிடைக்காது.

இப்போது ஜீன் சொல்கிறது, அது தனி இனமே இல்லை என்று. கரையோரம் மண்டிக் கிடக்கும் சாதாரணப் பாசிதான். அலை அடிக்காத இடத்தில் வளர்ந்ததால் இலை அகன்றுவிட்டது, அவ்வளவே.

மாதிரிகள் வெறும் நம்பர் ஒட்டி வந்தவை; அகன்ற இலையை வைத்துத்தான் அது அவர் பாசி என்று அவளுக்குத் தெரிந்தது. முடிவு சொல்லும்வரை அனுப்பியவர் யாரென்று லேபுக்குத் தெரியாது. அங்கே அதுதான் வழக்கம்.

"அவருக்கு ஆகாதவன் எவனோ அனுப்பியிருக்கான்" என்று தோழி பல்லைக் கடித்தாள். "அதுக்காக, கட்டின புருஷனை நீயே காட்டிக் கொடுப்பியா?"

அவள் லேப் மேஜைக்குத் திரும்பினாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி செய்து பார்த்தாள். முடிவு மாறவில்லை. ஆனால் ஏழாம் நம்பர் மட்டும் எதோடும் ஒட்டாமல் தனித்து நின்றது. மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். பார்வைக்கு மற்றவை போலவே இருந்தாலும், அது மிதக்க உதவும் காற்றுப்பை ஒவ்வொன்றின் நுனியிலும் குட்டி முள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத முள். புத்தம் புது இனம்!

தோழி குதித்தாள். இவளால்தான் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"என்னங்க, நாளைக்கு முடிவை அனுப்பணும். அதுக்கு முன்னாடி என் வாயால நீங்க கேட்டுடணும். நம்ம பாசி தனி இனம் இல்லை."

'இலையைப் பார்த்துச் சொல்லத் தெரியாதவங்களுக்குத்தான் ஜீனு, கீனு எல்லாம்' என்று நக்கலடிக்கிற மனுஷன். இன்றைக்கு வீடு ரெண்டுபடும் என்று காத்திருந்தாள்.

"இன்னொரு தடவை செஞ்சு பார்த்தியா?"

"பார்த்தேன். அதேதான்."

"மறைச்சிடலாம்னு தோணலையா?"

"தோணுச்சு. மனசு வரலை."

அவர் எழுந்து போய்ச் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கினார். அவளுக்கு அழுகை முட்டியது. திரும்பியவர் முகத்தில் சிரிப்பு வழிந்தது.

"நான் தப்புன்னு சொல்ல இத்தனை வருஷமா ஒருத்தனுக்கும் துணிச்சல் வரலை. என் பெண்டாட்டிக்கு வந்திருக்கு! நாளைக்குக் காலேஜ் பூரா இதைத்தான் சொல்லப் போறேன். அது கிடக்கட்டும், ஏழாம் நம்பர் என்ன ஆச்சு? அதோட காத்துப்பையில எனக்கு ஒரு சந்தேகம்."

ஏழாம் நம்பரைப் பற்றி அவள் இன்னும் வாயே திறக்கவில்லை.

"நீங்களா அனுப்பினீங்க?"

"ரொம்ப நாளா உறுத்திட்டே இருந்துச்சு. அனுப்பினது நான்னு தெரிஞ்சிருந்தா நீ பாசியையா பார்த்திருப்பே? என் மூஞ்சியைத்தான் பார்த்திருப்பே!"