கடைசி நட்டு

வலது மட்கார்டின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, "இடது பக்கம் ஒடி" என்று கத்தினேன்.

டிரைவர் பூமிநாதன் ஸ்டியரிங்கை ஒடித்தான். வறண்ட கண்மாய்க்குள் அம்பாசடர் வட்டம் போட்டது.

கடக்.

வலது பக்கம் ஒடித்தால் சத்தம் இல்லை. நேராகப் போனாலும் இல்லை. இடது பக்கம் திரும்பும்போது மட்டும், என் வயிற்றுக்கு நேர் கீழே, கடக்.

இடது பக்கம் திரும்பினால் பாரம் முழுக்க வலது சக்கரத்தில்தான் உட்காரும். நோய் அங்கேதான் என்று தெரிந்துவிட்டது.

அருப்புக்கோட்டையில் மெக்கானிக் ஐயாத்துரை என்றால் என் காதைத்தான் முதலில் சொல்வார்கள். வண்டி பட்டறை வாசலுக்கு வருவதற்குள் இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு எப்போதுமே உண்டு.

"குழியப் பாத்தா ஒனக்கு கொண்டாட்டம். நீ விட்டு ஏத்துற லட்சணத்துக்கு வண்டி கத்தாம என்ன செய்யும்?" என்று பூமிநாதனை ஒரு பிடி பிடித்தேன். அவன் முகம் சுண்டிப்போய்விட்டது. நான்கு நாளாகவே சத்தம் வருகிறது என்று அவன்தான் முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

கரையில் குடை பிடித்து நின்றார் முதலாளி சங்கரபாண்டியன். பருத்தி வியாபாரி. ஊருக்கே அண்ணாச்சி. பரளச்சியில் கட்டிக்கொடுத்த மகள் கஸ்தூரிக்கு நிறைமாதம். இன்று சாயங்காலம் இந்தக் காரில்தான் அவளை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அவருக்கு நிலைகொள்ளவில்லை.

ஜாக்கி கொடுத்துத் தூக்கிவிட்டு அடியில் புகுந்தேன். சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கையைத் தடவிக்கொண்டே போனேன்.

விரல் பட்டதும் நட்டு சுற்றியது.

ஸ்பானர் வைக்கவே இல்லை. வெறும் விரலுக்கே சுற்றியது. இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினால் கையோடு வந்துவிடும். நட்டு கழலாமல் இருக்கக் குத்துகிற பின்னையும் காணோம். பின் இருக்க வேண்டிய துளையில் புழுதி அடைத்திருந்தது.

அந்த இரும்புக் கையைப் போன வெள்ளிக்கிழமை மாட்டியது நான்தான்.



என் பட்டறையில் ஒரு வழக்கம். எந்த வேலையையும் ராகுகாலத்தில் முடிக்க மாட்டேன். கடைசி நட்டை விரலால் மட்டும் சுற்றி விட்டுவைப்பேன். ராகுகாலம் கழிந்ததும் சாமியைக் கும்பிட்டு, அதை முறுக்கிப் பின்னைக் குத்துவேன். அப்போதுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு. இதற்காகவே என்னிடம் வண்டி விடுகிறவர்கள் உண்டு.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் கழிந்தது. அண்ணாச்சி வீட்டிலிருந்து மாலையும் பூசணிக்காயுமாக வந்து இறங்கிவிட்டார்கள். திருஷ்டி கழிக்க என்னையே கூப்பிட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டு நான்தான் சூடம் காட்டினேன். நான்தான் பூசணிக்காயை உடைத்தேன். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கார் கிளம்பியபோது கையைத் தட்டி வழியனுப்பியதும் நான்தான்.

ஒரு நட்டை மறந்துவிட்டேன்.

எப்படி முறுக்கினேன் என்று தெரியவில்லை. பின்னைக் குத்துவதற்குள் மூன்று தடவை கைநழுவிக் கீழே விழுந்தது. திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணாச்சி என் கிரீஸ் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எம் மகளுக்கு உசிரு குடுத்திட்டய்யா. எந்தப் பய இதக் கழட்டிட்டு முறுக்காம விட்டான்?" என்றபடி பூமிநாதன் பக்கம் திரும்பினார்.

பூமிநாதன் இரண்டடி பின்னால் போனான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் வேலை போய்விடும். மூடிக்கொள்ளத்தான் முதலில் தோன்றியது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"நாந்தான் அண்ணாச்சி. ராகுகாலம் கழியட்டும்னு விட்டேன். பெறகு மறந்துட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.  அவர் என் கையை விட்டுவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு மல்லாங்கிணறு ராமசுப்பு காரும் ஒன் பட்டறையிலதானய்யா நின்னுச்சு?"

நின்றது. இந்தக் காருக்குப் பக்கத்திலேயே நின்றது. அதற்கும் மாட்டியது இதே இரும்புக் கைதான், விரலால் சுற்றி விட்டது இதே நட்டுதான். பன்னிரண்டு மணிக்கு இரண்டு வீட்டாரும் ஒன்றாக வந்துவிட்டார்கள். நான் உடைத்தது இரண்டு பூசணிக்காய். அந்த நட்டையும் முறுக்கிய ஞாபகம் இல்லை.

பேரப்பிள்ளைகளுக்கு மொட்டை போட ராமசுப்பு இன்று காலையில் குடும்பத்தோடு திருச்செந்தூருக்குக் கிளம்பியிருப்பார்.

"சத்தம் கேட்டா நிப்பாட்டிருவாகள்ல?" என்றான் பூமிநாதன். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அவன் அப்படிக் கேட்டான்.



ராமசுப்பு டிரைவர் வைத்துக்கொள்வதில்லை. தன் காரைத் தானேதான் ஓட்டுவார். அவருக்கு இரண்டு காதும் கேட்காது.